ஒரு ஸ்பூன் சக்கரை

பாத்துங்க தம்பி, பாத்து. உங்க பையை மேல வைக்கிறதுன்னா தாராளமா வைங்க, அந்தப் பச்சைப் பையை மட்டும் இடிச்சுத் தள்ளிடாதீங்க. அது என்னுது. உள்ள கண்ணாடிச் சாமான். ஆங், அப்படி ஓரமா. போதும், உக்காருங்க.

கிருஷ்ணகிரியில ஏறுறீங்களே, எதுவரைக்கும்? நாமக்கல்லா? நான் சேலத்துல இறங்கிருவேனுங்க. மச்சான் வீட்டுக்குப் போறேன். என் சம்சாரம் அங்கதான் இருக்கா, கூட்டிட்டு வரலாம்னு. கோவிச்சுக்கிட்டுப் போனான்னு வச்சுக்குங்களேன். வச்சுக்கிறது என்ன, அதுதான் நெசம். உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆகலையா? நல்லது, அவசரப்படாதீங்க.

என்னா வெயிலு பாத்தீங்களா! கூரையைத் தொட்டுப் பாருங்க, தோசை வாக்கலாம். நான் ஜன்னலோரம் உக்காந்தும் அனல்தான் அடிக்குது. பெங்களூர்ல இருந்து இப்படியேதான் வர்றேன்.

என் பேரு தனபாலுங்க. பெங்களூர்ல ஒரு மிஷின் கம்பெனியில குவாலிட்டி செக்கிங்ல இருந்தேன். வால்வு, பம்ப்பு, அந்த மாதிரிச் சாமானுங்க. என் கையைத் தாண்டி ஒரு ஓட்டை உடைசல் வெளியே போனதில்லை. காத்து அடிச்சுப் பாப்போம். எது தாங்குதோ அது பாஸு, எது வெடிக்குதோ அது குப்பைக்கு. இதுல பேச்சே கிடையாது. வருஷக்கணக்கா அதே வேலை. அப்புறம் கம்பெனிக்காரனே காசு குடுத்து வீட்டுக்குப் போன்னுட்டான்.

பைக்குள்ள என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே? கேளுங்க, சும்மா கேளுங்க. மெதுவாச் சொல்றேன், கண்டக்டர் காதுல விழுந்தா வம்பு. பீருங்க. அட, கடையில வாங்கினது இல்லை. நானே போட்டது. என் வீட்ல, என் கையால. மேலாக்க ஊறுகா ஜாடி ஒண்ணு வச்சிருக்கேன், எவனாவது கேட்டா ஊறுகான்னுடுவேன்.

சிரிக்காதீங்க. வேலையை விட்டப்புறம் பொழுது போகணும்ல? வாக்கிங் போனா அங்க வர்றவன் பூரா, உங்களுக்குச் சுகர் எவ்வளவு, எனக்கு இவ்வளவுன்னு. அப்பத்தான் எங்ககூட வேலை பாத்த பெர்னாண்டஸ் சொன்னாரு, வீட்லயே பீர் போடுய்யா, சாம்பார் வைக்கிறதை விடச் சுலபம், மனசுக்கும் அமைதின்னு. நெசமாவே அமைதிதானுங்க. முளைகட்டிக் காயவச்ச பார்லி, மால்ட்டுன்னு ரெடியா விக்கிறான். அதைக் குண்டாவுல சுடுதண்ணியில ஊறப்போட்டு வடிகட்டணும். ஹாப்ஸுன்னு ஒரு காஞ்ச பூ, கசப்புக்கு, அதைப் போட்டுக் கொதிக்க விடணும். ஆறினதும் தண்ணி கேன்ல ஊத்தி, ஈஸ்ட்டைத் தூவி, இறுக்க மூடி, ஒரு டியூபை மட்டும் வெளிய விட்டு அதோட முனையை டம்ளர் தண்ணிக்குள்ள வச்சிரணும். அவ்வளவுதான். ராவும் பகலும் குபுக் குபுக்னு அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டே கிடக்கும். எதிர்ல சேரைப் போட்டு நானும் அதைப் பாத்துக்கிட்டே கிடப்பேன்.

ஒண்ணே ஒண்ணு, சூடு ஆகாது அதுக்கு. எங்க வீட்ல இருக்கிறது ஒரே ஏசி, படுக்கிற ரூம்ல. அதனால கேனை அங்க வச்சேன். என் சம்சாரம் மங்கை, முழுப்பேரு மங்கையர்க்கரசி, அவளுக்கு அந்தப் புளிச்ச வாசம் ஒத்துக்கல. ஹால்ல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டா. நான் போகச் சொல்லலீங்க. அவளாத்தான் போனா. இதையும் இப்ப என் கணக்குலதான் எழுதறாங்க.

கேன்ல எல்லாம் அடங்கினதும் பாட்டில்ல ஊத்தணும். ஊத்தும்போது ஒவ்வொண்ணுலயும் துளியூண்டு சக்கரை போட்டு மூடியை அழுத்தி அடிச்சிரணும். உள்ள மிச்சம் இருக்கிற ஈஸ்ட் அந்தச் சக்கரையைத் தின்னுட்டுக் காத்தை விடும். அந்தக் காத்துதான் திறந்ததும் நுரையாப் பொங்குறது. கம்மியாப் போட்டா சப்புன்னு இருக்கும். எச்சாப் போட்டா... எச்சாப் போடக் கூடாது. அவ்வளவுதான்.

நான் எச்சாப் போடலீங்க. இதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

எங்க மாடியில ஒரு சோடி குடியிருந்தாங்க. அவன் பேரு நவநீதன், கம்ப்யூட்டர்ல வேலை. அவ சுகந்தி. ஆத்தூர்ப் பக்கம். ரெண்டும் தங்கமானதுங்க. அந்தப் பொண்ணு ஆரி வேலை செய்யும். கல்யாண ரவிக்கையில கல்லு, மணி, ஜரிகை எல்லாம் வச்சுத் தைக்கிறாங்களே, அது. ஊசி முனையில ஒரு மணியை எடுத்துக் கோக்கும் பாருங்க, எனக்குக் கண்ணாடி போட்டாலும் அந்த மணி தெரியாது. மங்கைக்கு அந்தப் பொண்ணுன்னா உசுரு. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால இருக்கலாம். காலையில குழம்பு கீழயிருந்து மேல போகும், சாயங்காலம் கிண்ணம் மேலயிருந்து கீழ வரும்.

கிண்ணம் வெறுங்கிண்ணமா வரவே வராதுங்க! அதுதான் சுகந்தி. என்னைக்கும் அந்தப் பொண்ணு ஒரு பாத்திரத்தைக் காலியாத் திருப்பிக் குடுத்ததில்லை. ஒரு வாழைப்பழம், ரெண்டு முறுக்கு, ஒண்ணும் இல்லைன்னா ஒரு ஸ்பூன் சக்கரை. நானே எத்தனையோ நாளு மங்கைகிட்டச் சொல்லியிருக்கேன், இந்தக் காலத்துல இப்படி வளத்திருக்காங்க பாரு அந்தப் பொண்ணைன்னு. காப்பிக்குச் சக்கரை தீந்து போனா, சுகந்திக்கு ஒரு கிண்ணம் ரசம் குடுத்தனுப்புடின்னு கிண்டல் பண்ணுவேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஓ, புரிஞ்சுபோச்சா. நீங்க வெவரமான ஆளுதான். இருங்க, முழுசாக் கேளுங்க.

நான் போடுற பீர்ல நவநீதனுக்கும் பங்கு உண்டு. குடிச்சிட்டு, சார் பிரமாதம்னுவான். ஆபீஸ் பூராச் சொல்லி வச்சிருந்தான், எங்க ஹவுஸ் ஓனர் மாதிரி ஒருத்தர் கிடையாதுன்னு. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லைங்க. கம்பெனியில நான் வர்றதைப் பாத்தாலே, வந்துட்டான்டா ரிஜெக்ட்டுன்னு மூஞ்சியைத் திருப்பிக்குவானுங்க. இந்தப் பையன்தான் வாயாரப் பாராட்டினான். சந்தோசமா இருந்துச்சு. அதை ஏன் மறைக்கணும்?

மாசி முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்ச சமயம். குடிச்ச பாட்டிலையெல்லாம் சுகந்தி கழுவிக் காயவச்சு, ஒவ்வொண்ணோட வாயிலயும் வெள்ளைத் துணி வச்சு ரப்பர் பேண்ட் போட்டு, அட்டைப்பொட்டியில அடுக்கிக் கொண்டாந்து வச்சுட்டுப் போச்சு. பாக்கவே அழகா இருந்துச்சு. நானும் அன்னைக்கே புதுச் சரக்கைப் பாட்டில்ல ஊத்த உக்காந்தேன். மங்கை அடுப்படியில இருந்து கேட்டா, ஏனுங்க, பாட்டிலைக் கழுவினீங்களான்னு. அந்தப் பொண்ணு இவ்வளவு சுத்தமாக் கழுவி வாயைக் கட்டி வச்சிருக்கு, அதை மறுபடி கழுவினா அதுக்கு அவமரியாதைன்னேன். நான் சொன்னது தப்பா? பெர்னாண்டஸும் அதைத்தான் சொல்லுவாரு, இது பொழுதுபோக்குய்யா, ஃபேக்டரி இல்லை, டென்ஷன் ஆகாதேன்னு. பாட்டில் எல்லாம் கறுப்பு மாதிரி பழுப்பு. உள்ள என்ன கிடக்குன்னு வெளியே இருந்து எப்படிங்க தெரியும்?

நான் என் அளவுச் சக்கரையைப் போட்டேன். ஊத்தினேன். மூடி அடிச்சேன். பாதியை நவநீதன் மேல கொண்டு போனான், ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பசங்க ருசி பாக்க வர்றாங்கன்னு. பாதி எங்க ஸ்டோர் ரூம் அலமாரியில.

முன்னாடி சீட்டுல பாருங்க, பாப்பா திரும்பித் திரும்பி நம்மளையே பாக்குது. என்ன பாப்பா? அழகா இருக்கு. சரியா நம்ம பைக்குக் கீழயே தலை வச்சுத் தூங்கப் போகுது. நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? பையைக் கீழ எடுக்கணுமா? எதுக்குங்க? சரி, சரி, எடுங்க. மெதுவா. மடியில வச்சுக்கறேன். மேல கூரைச் சூடும் அதுக்கு ஆகாதுதான்.

என்ன ஈரமா இருக்கு? ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்ததுல, அதான் வேர்த்திருக்கு. மங்கையோட பழைய சேலையில சுத்தி வச்சிருக்கேன். காலையில இருந்து இன்னுமா வேர்க்கும்னு கேக்கறீங்க. வேர்க்குமுங்க. தடிச் சேலை.

எங்க விட்டேன்? ஆங். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டோர் ரூம்ல டமார்னு ஒரு சத்தம். மங்கை கோயிலுக்குப் போயிருந்தா. கதவைத் திறந்தா ஒரு பாட்டில் இருந்த இடமே தெரியல. கண்ணாடித் துண்டு எதிர்ச் சுவத்துல, மரக் கதவுல எல்லாம் குத்திக்கிட்டு நிக்குது.  அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல? உடனே மிச்ச பாட்டிலையெல்லாம் ஃப்ரிட்ஜுல அடுக்கிட்டேன். முகத்துக்கு ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு, கையில குளிருக்குப் போடற உறையை மாட்டிக்கிட்டு. குளிர்ல வச்சா ஈஸ்ட் தூங்கிரும், காத்து அடங்கிரும். அடுக்கிட்டு, கண்ணாடியெல்லாம் கூட்டி அள்ளிப் பேப்பர்ல சுத்திக் குப்பைக்கூடையில அடியில போட்டு, தரையைத் துடைச்சு வச்சுட்டேன். மங்கை வந்து, என்னங்க வீடு பினாயில் வாசமா இருக்குன்னா. சும்மா தொடச்சேன்னேன்.

மாடிக்கா? போனேனே! போகாம இருப்பேனா? படிக்கட்டு வரைக்கும் போனேன். ரெண்டு படி ஏறினேன். மேல நவநீதன் போன்ல பேசிட்டிருக்கான். நாளைக்கு வாங்கடா, எங்க சார் போட்ட பீரைக் குடிச்சா இனிக் கடைப் பக்கமே போக மாட்டீங்கன்னு. அந்த நேரத்துல போயி என்னன்னுங்க சொல்றது? வாழ்நாள் பூரா குவாலிட்டி பாத்த மனுஷன் அடைச்ச பாட்டில் வெடிக்குதுன்னா? ஒரு பாட்டில் வெடிச்சா எல்லாமும் வெடிக்கணும்னு என்ன இருக்கு? அந்த ஒரு பாட்டில்ல கண்ணாடியில கீறல் இருந்திருக்கலாம். காலையில பதமாச் சொல்லிக்கலாம்னு இறங்கி வந்துட்டேன்.

காலையில உப்புமா கிண்டறதுக்கு ரவை எடுக்க அந்தப் பொண்ணு, பாட்டிலை அடுக்கி வச்சிருந்த அவங்க அடுப்படி அலமாரியைத் திறந்திருக்கு.

எனக்குக் கீழ கேட்டது சத்தம் மட்டும்தான். மங்கைதான் முதல்ல ஓடினா. நான் போறப்ப அந்தப் பொண்ணு தரையில உக்காந்து ரெண்டு கையாலயும் வலது கண்ணைப் பொத்திக்கிட்டிருந்துச்சு. அழவே இல்லைங்க. அக்கா, ரவை கொட்டிருச்சு, ரவை கொட்டிருச்சுன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்துச்சு. விரலுக்கு நடுவுல... வேண்டாம், விடுங்க. நீங்க தண்ணி குடிங்க. எனக்கும் ஒரு வாய் குடுங்க.

வலது கண்ணு போயிருச்சு. சும்மா மங்கலா இல்லை, சுத்தமாப் போயிருச்சு. இன்னொரு கண்ணைப் பத்திரமாப் பாத்துக்கணும், அதுல ஒரு தூசி கூடப் படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

ஆஸ்பத்திரியில மூணாம் நாளோ நாலாம் நாளோ, நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் பாக்கப் போனேன். தலை பூராக் கட்டு. என் குரலைக் கேட்டதும் அந்தப் பொண்ணு கையை நீட்டித் தேடிச்சு. கையைக் குடுத்தேன். சார், பாட்டிலை வெறுமனே திருப்பித் தரக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் சக்கரை போட்டுத் தந்தேன் சார், அதனாலயா சார்னு கேட்டுச்சு.

எனக்கு அப்பத்தான் தெரியும்! உங்களை மாதிரி முன்னாடியே யோசிக்க எனக்குத் தெரியல. அப்பாடான்னு இருந்துச்சுங்க. நெசத்தைச் சொல்றேன், நெஞ்சுல வச்சிருந்த கல்லை யாரோ இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. அத்தனை நாளா என் கை தப்பா, என் கணக்குத் தப்பான்னு சோறு இறங்கல எனக்கு. நான் சொன்னேன், ஆமாம்மா, அதனாலதாம்மா, இனிமே யார் வீட்டுப் பாட்டில்லயும் எதையும் போடாதம்மான்னு. பதமாத்தான் சொன்னேன். மன்னிச்சிருங்க சார்னுச்சு. பரவாயில்லம்மான்னேன்.

மங்கை கட்டில் பக்கத்துல நின்னு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தா. உரிச்ச சுளையைத் தட்டுல போட்டுட்டு என்னையே பாத்தா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ என்னை அப்படிப் பாத்ததில்லை.

அந்தப் பினாயில் வாசம் நினைப்பு வந்திருக்கும், அன்னைக்கு வீட்டுக்கு வந்து நேரா ஸ்டோர் ரூமுக்குப் போனா. மரக் கதவுல நான் கவனிக்காம விட்டிருந்த ஒரு கண்ணாடித் துண்டை விரலாலயே பிடுங்கி எடுத்துக் கொண்டாந்து என் முன்னாடி வச்சா. இது எப்ப வெடிச்சதுன்னு கேட்டா. பொய் சொல்ல எனக்கு வராதுங்க. சனிக்கிழமைன்னேன். அவளுக்கு ஞாயித்துக்கிழமை காலையிலதானே அடிபட்டுச்சுன்னா. ஆமான்னேன். ராத்திரி முழுக்க நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேட்டா. தூங்கினேன், வேற என்ன பண்ணுவாங்க?

அதோட பேச்சு நின்னு போச்சு. சுகந்திக்குத் தாய் இல்லை. நவநீதனுக்கு லீவு இல்லை. சேலத்துல நல்ல கண்ணாஸ்பத்திரி இருக்கு, எங்கண்ணன் வீடு பக்கத்துலதான் இருக்கு, நான் வச்சுப் பாத்துக்கறேன்னு மங்கை அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டா. போறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அந்தப் பிள்ளை தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு நினைச்சு நினைச்சு உருகுது. நீங்க வந்து அதுகிட்ட, தப்பு என்னோடது, பாட்டிலைக் கழுவாதது நான், வெடிச்சது தெரிஞ்சும் சொல்லாதது நான்னு வாயால சொல்லுங்க. சொன்னா வர்றேன். இல்லைன்னா என்னைத் தேடாதீங்கன்னா.

நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க தம்பி. சக்கரை போட்டது யாரு? நானா?

இருங்க, போன் அடிக்குது. அவதான். ஹலோ... சொல்லு மங்கை. ஆமா, தருமபுரி தாண்டிருச்சு. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். என்னது? ஆஸ்பத்திரியிலயா? கட்டு மாத்தியாச்சா... நல்லது. பஸ் ஸ்டாண்டுக்கா? ரெண்டு பேருமா? எதுக்கு வெயில்ல... சரி, சரி, வாங்க. அழாதே. சொன்னேன்ல வர்றேன்னு. ம். சொல்றேன். வந்து சொல்றேன். வைக்கட்டுமா?

சந்தோசத்துல அழறா. நேத்து நான் போன் பண்ணி, நீ கேட்டதுக்கு ஒரு முடிவு கட்டறேன், வர்றேன்னு சொன்னேன். அதை அவ, நான் மன்னிப்புக் கேக்க வர்றேன்னு எடுத்துக்கிட்டா. நான் அப்படிச் சொல்லலை. முடிவு கட்டறேன்னுதான் சொன்னேன். சுகந்திகிட்டயும் சொல்லிட்டாளாம், உங்க சார் உன்னைப் பாக்க வர்றாருன்னு. அந்தப் பொண்ணு காலையில இருந்து, சார் வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருக்காம். ஆஸ்பத்திரியில இருந்து அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு வர்றாங்க ரெண்டு பேரும்.

என்ன முடிவா? இதுதானுங்க முடிவு. மடியில இருக்கே, இது. அன்னைக்கு அடைச்ச அதே சரக்குல மூணு பாட்டில் எடுத்துட்டு வந்திருக்கேன். ஃப்ரிட்ஜுல வச்சதுல ஒண்ணு கூட வெடிக்கல. யோசிச்சுப் பாருங்க. நான் பாத்த வேலையே அதுதானே? தாங்கினது பாஸு. வெடிக்கிறது எல்லாம் வெடிச்சிருச்சு, மிச்சம் நல்ல சரக்கு. எல்லார் முன்னாடியும் ஒண்ணைத் திறந்து காட்டிட்டா, தனபால் அடைச்ச பாட்டில்ல கோளாறு இல்லைன்னு மச்சானுக்கும் தெரியும், மங்கைக்கும் தெரியும். அப்புறம் யாரு வாயையும் திறக்க முடியாது.

ஃப்ரிட்ஜுல இருந்ததாலதான் வெடிக்கலைன்னு சொல்றீங்க. நீங்க என்ன படிச்சிருக்கீங்க? கெமிஸ்ட்ரியா... ஓஹோ. சரிங்க, குளிர்ல தூங்கின ஈஸ்ட் சூட்டுல முழிச்சுக்கும், ஒத்துக்கறேன். அதுக்குத்தான் சேலை சுத்தியிருக்கேன்ல? சேலை குளிரையும் காக்காது, கண்ணாடியையும் காக்காதுன்னா எப்படி? தொப்பூர்க் கணவாய்ல வண்டியை நிறுத்தச் சொல்லிப் பள்ளத்துல வீசிருங்கன்றீங்க. நல்லா இருக்கே! வீசிட்டு வெறுங்கையோட போயி அந்தச் சின்னப் பொண்ணு முன்னாடி தலையைக் குனிஞ்சு நிக்கணுமா நானு? இந்த வயசுல?

கோவிச்சுக்காதீங்க. கத்திட்டேன். முன்னாடி சீட்டு அம்மா திரும்பிப் பாக்கறாங்க. ஒண்ணுமில்லம்மா, நாங்க சும்மா பேசிட்டிருக்கோம்.

கணவாய் வந்திருச்சு. இந்த இறக்கத்துல எத்தனை லாரி கவுந்திருக்கு தெரியுமுங்களா? டிரைவரு என்னா வெரட்டு வெரட்டறான் பாருங்க. குலுங்காம இருக்கத்தான் ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிருக்கேன். நீங்க தள்ளி உக்காந்தா விழுந்துருவீங்க, பாதி சீட்டு வெளியே இருக்கு. இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சா? டிக்குனு. பஸ்ஸுல ஆயிரம் சத்தம் கேக்கும். ஆணி கழண்டிருக்கும்.

மூடி லேசா உப்பியிருக்குதா? எங்க? சேலையை விலக்காதீங்க. அது வெளிச்சத்துக்கு அப்படித் தெரியுது.

நீங்க கேட்டது நல்ல கேள்வி. யாரு திறக்கறதுன்னு. ராத்திரி பூரா அதைத்தானுங்க யோசிச்சேன். நானே திறந்தா என்ன சொல்லுவாங்க? இவன் ஏதோ வித்தை பண்ணி முன்னாடியே காத்தை எறக்கிட்டு வந்துட்டான்னு சொல்லுவான் எங்க மச்சான். அவன் எமகாதகன். மங்கை திறந்தா, புருஷனுக்காகப் பண்றான்னு ஆகும். அதனால சுகந்திதான் திறக்கணும். அந்தப் பொண்ணு கையாலயே திறந்து, ஒண்ணும் ஆகலைன்னு அதுவே பாக்கணும். பயமும் தெளிஞ்சுரும். இப்ப ஒரு டம்ளர் கீழ விழுந்தாக் கூட நடுங்குதாம், மங்கை சொன்னா. எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும்? அதோட நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கறீங்க? நான் கெட்டவன்னு நினைச்சுட்டீங்க. என் முகத்தைப் பாருங்க. அந்தப் பொண்ணோட ஆஸ்பத்திரிச் செலவுல நான் ஒரு பைசா பாக்கி வைக்கல. செருப்புத் தேய அலைஞ்சிருக்கேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மங்கை திரும்பி வரணும். வீட்ல பேச்சுக் குரலே இல்லைங்க. கேன்ல ஒண்ணும் போடறதில்லை இப்ப. அந்தக் குபுக் குபுக் சத்தம் கூட இல்லை. ஏசி போட்டுக்கிட்டு ஒத்தையில படுத்துக் கிடக்கேன். அவ வரணும். ஆனா நான் தப்புப் பண்ணினவன்னு சொல்லி வரக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்.

ஓமலூர் தாண்டிருச்சா, அதுக்குள்ளயா? பேச்சு வாக்குல தெரியல.

போனை எடுத்து யாருக்குப் பேசறீங்க? போலீசுக்கா? ஏங்க, உங்களை நம்பித்தானே மனசு விட்டுச் சொன்னேன்? வைங்க அதை. டவர் இல்லையா? நல்லது. உங்க பேரு கூட நான் கேக்கல, உங்களைப் போயி சொந்தத் தம்பி மாதிரி நினைச்சேன். மங்கை நம்பர் வேணுமா? தர மாட்டேன். நான் நேர்ல பேசிக்கறேன்.

சேலம் வந்தாச்சு. புது பஸ் ஸ்டாண்டு. கூட்டத்தைப் பாருங்க, படியில கால் வைக்க முடியாது. எல்லாரும் முண்டியடிச்சு இறங்குவானுங்க, பையை இடிச்சே கொன்னுருவானுங்க. அதோ, பழக்கடைப் பக்கத்துல பாருங்க, கொடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, அவதான் மங்கை. இளைச்சுப் போயிட்டா. பக்கத்துல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, நீலச் சுடிதார்ல, அதுதான் சுகந்தி. சிரிக்குது பாருங்க. என்னைத்தான் தேடுது. மங்கையும் சிரிக்கிறா. நான்தான் சொன்னேன்ல, வந்தா எல்லாம் சரியாயிரும்னு.

கூட்டத்துல இதைத் தூக்கிட்டு இறங்கறதை விட ஜன்னல் வழியாவே குடுத்துட்டா நல்லது. கையை எடுங்க தம்பி. ஏன் பையைப் பிடிச்சு இழுக்கறீங்க? விடுங்கன்றேன். விடுங்க... குலுக்காதீங்க! ஐயோ, குலுக்காதீங்கன்னு சொல்றேன்ல, வெடிச்சுத் தொலைக்கப் போகுது!

இல்லைங்க. இல்லை. வாய் தவறி வந்துருச்சு. நுரை கலங்கிரும்னு சொல்ல வந்தேன். உக்காருங்க நீங்க, உங்க ஊரு இன்னும் வரலை.

மங்கை! இங்க, ஜன்னலோரம்! என்ன சொல்றாருன்னா கேக்கறே, இந்தத் தம்பியா? அவரு சும்மா எதையோ கத்தறாரு, நீ அதைக் காதுல வாங்காதே. நீ கொடையைப் பிடிச்சிருக்கே, உன்னால முடியாது. சுகந்தி, கண்ணு, நீ வாம்மா. சார்தான், சார்தான் வந்திருக்கேன். கிட்ட வா. இன்னும் கிட்ட. ரெண்டு கையையும் நீட்டு. கனமா இருக்கும், நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்க. ஆங், அப்படித்தான். வாங்கும்போது மூஞ்சியை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கம்மா.